ஜனவரி பாட்டில்

ஜனவரி 8

என் வாலுக்கு,

நலம்தானே? நானும் நலம். மற்ற பெண்கள் அம்மாவிடம் புடவை கேட்பார்கள், தோடு கேட்பார்கள். நீ பாட்டிலில் என்ன கேட்டாய் என்று எழுதவே கூசுகிறது. உன்னைப் பார்க்க வந்த அன்று அதை மடியில் பொத்திக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து சீட்டுக்காரி, "என்னம்மா இப்படிப் பொத்திப் பொத்தி வச்சிருக்கீங்க, தேனா?" என்றாள். "ஆமா, மலைத்தேன். மகளுக்கு" என்றேன். உன் ஆய்வக யந்திரம் ருசி பார்த்துவிட்டதா?

விடுதிச் சமையல் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. நாற்பது பெண் பிள்ளைகள். பெருக்கிக் கழுவுகிற பக்கெட்டுக்காரியின் மகளும் இங்கேதான் படுக்கிறாள். ஏழு வயது, முன்பல் இரண்டும் இல்லை. சாயங்காலம் நான் பழம் நறுக்கும்போது வாயைத் திறந்துகொண்டு வந்து நிற்பாள். கையால் ஒரு துண்டு ஊட்டினால்தான் நகர்வாள்.

ஒரே குறை, வேலையாட்கள் கழிப்பறையில் சோப்பு கிடையாது. கேட்டால் வார்டன், "வச்சா காணாமப் போகுது. நீங்கதான் எடுத்துட்டுப் போறீங்க" என்கிறாள். அவள் அறையில் மூன்று வகை சோப்பு இருக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு.

அம்மா

ஜனவரி 19

அம்மா,

உன் மலைத்தேன் வந்த வேலையை முடித்தது. சிரிக்காதே, சொல்கிறேன். டைபாய்டு கிருமியின் டி.என்.ஏ.வைக் கண்டுபிடிக்கப் புது முறை ஒன்றைச் சோதிக்கிறோம். அந்த டி.என்.ஏ.வில் ஒரு துணுக்கு இருந்தாலும் யந்திரம் அதைக் கோடி மடங்கு பெருக்கிவிடும், திரையில் கோடு ஏறும். இல்லையென்றால் கோடு தரையோடு கிடக்கும். தரையோடு கிடப்பதைக் காட்ட, நோயில்லாத பத்துப் பேரின் மல மாதிரி வேண்டும். யார் கொடுப்பார்கள்? இங்கே எல்லாரும் வீட்டு ஆட்களிடம்தான் வாங்குகிறோம்.

ஒரு கூத்து கேள். உன்னுடையது மட்டும் ஏறிவிட்டது! அன்று காலையில் அதே மேசையில் நோயாளி மாதிரியைக் கையாண்டிருந்தேன், அதிலிருந்துதான் தெறித்திருக்கும். புதிதாக ஒன்று வாங்கித் திரும்பச் செய்ய வேண்டும் என்பது விதி. செய்தால், ஏன் என்று மேலாளர் கேட்பார். போன வாரம்தான் ஒருத்தியை, "கை சுத்தமில்லாதவங்களுக்கு இங்க என்ன வேலை?" என்று அனுப்பினார். என் வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு கையெழுத்துதான் பாக்கி. 'இல்லை' என்று எழுதிவிட்டேன். நீ கல் மாதிரி இருக்கிறாய், உனக்கு என்ன கேடு?

உன் வால்

பிப்ரவரி 24

என் வாலுக்கு,

விடுதியில் பதினோரு பிள்ளைகளுக்கு விடாத காய்ச்சல். நேற்று ஒன்று போய்விட்டது, பக்கெட்டுக்காரியின் மகள். கடைசியாகப் பழம்தான் கேட்டாளாம்.

வார்டன் எங்களை வரிசையாக நிறுத்தி, யார் அசுத்தம் என்று கேட்டாள். சொல்லாவிட்டால் எல்லாருக்கும் சீட்டு கிழியும். நான்தான் சொன்னேன், பக்கெட்டுக்காரி கழிப்பறை தொட்ட கையோடு தண்ணீர்க் குடத்தைத் தொடுவாள் என்று. நான் பார்த்ததில்லை. ஆனால் அவள் எப்போதுமே கொஞ்சம் அழுக்குதானே.

பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்தவளை வாசலிலேயே நிறுத்தி வார்டன், "உன் கையாலதான் உன் பொண்ணு செத்தா" என்றாள். அவள் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

உங்கள் ஆய்வகத்துக்குத்தான் ரத்தம் அனுப்பியிருக்கிறார்களாம். அவள்தான் காரணம் என்று சீக்கிரம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். எனக்கு நிம்மதியாக இருக்கும்.

அம்மா

மார்ச் 9

அம்மா,

இதை நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்.

அந்தக் குழந்தையின் ரத்தத்திலிருந்து கிருமியைத் தனியே பிரித்து, தட்டில் வளர்த்து, டி.என்.ஏ. முழுவதையும் எழுத்தெழுத்தாகப் படித்தோம். டைபாய்டுதான். எனக்குள் என்னவோ அரித்தது. யாருக்கும் தெரியாமல் உறைபெட்டியில் கிடந்த உன் ஜனவரி பாட்டிலை எடுத்து, அதையும் வளர்த்துப் படித்தேன். இரண்டும் ஒன்று. அன்று என் கை சுத்தமாகத்தான் இருந்திருக்கிறது.

நான் பள்ளியில் படிக்கும்போது உனக்கு மூன்று வாரம் காய்ச்சல் அடித்ததே, அதுதான். கிருமி பித்தப்பையில் ஒளிந்துகொண்டால் ஆளை ஒன்றும் செய்யாது, ஊருக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். சோப்பு இருந்திருந்தாலே பாதிப் பிள்ளைகள் தப்பியிருப்பார்கள்.

இனிமேல் சமையலறைக்குப் போகாதே, கால்வலி என்று சொல். அடுத்த வாரம் எல்லா வேலையாட்களிடமும் மாதிரி எடுப்பார்கள். கொடு. அப்போதுதான் முதல்முறையாகக் கண்டுபிடித்த மாதிரி இருக்கும். தெரியாமல் செய்ததற்கு உனக்குத் தண்டனை கிடையாது, மருந்து இருக்கிறது. எனக்கு அப்படி இல்லை. பாட்டிலை அழித்துவிட்டேன். ஜனவரியில் நான் எழுதிய கடிதத்தை நீ எரித்துவிடு. கையெழுத்து விழுந்து நான்கு நாள்தான் ஆகிறது அம்மா.

உன் வால்

மார்ச் 23

பெறுநர்: விடுதிச் சமையலர்

தங்கள் மாதிரியில் டைபாய்டு கிருமி உள்ளது. விடுதியில் நோயுற்றவர்களிடம் பிரித்தெடுத்த கிருமியுடன் அது முழுமையாக ஒத்துப்போகிறது. மறு உத்தரவு வரும்வரை தாங்கள் உணவைத் தொடக் கூடாது.

தங்கள் மாதிரி முதன்முதலில் பரிசோதிக்கப்பட்ட நாள்: மார்ச் 16.

ஆய்வாளர் (நிரந்தரம்)

மார்ச் 27

ஆய்வாளர் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கையெழுத்து அழகாக இருக்கிறது. சிலேட்டில் கைப்பிடித்து எழுத வைத்தவள் நான்தான்.

என்னை அனுப்பிவிட்டார்கள். பேப்பரில் 'விஷக்கைச் சமையல்காரி' என்று போட்டிருக்கிறார்கள். சோப்பைப் பற்றி ஒரு வரி இல்லை. நேற்று இன்னொரு பிள்ளையும் போய்விட்டது. வார்டன் அப்படியே இருக்கிறாள்.

தெரியாமல் செய்ததற்குத் தண்டனை இல்லை என்று எழுதினாய். சரி. ஜனவரி பத்தொன்பதிலிருந்து அந்தக் குழந்தை படுக்கையில் விழும்வரை தினமும் பழம் ஊட்டினேன். ஊட்டாதே என்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பேன். தெரியாமல் செய்தவள் நான். கோடு ஏறியதைப் பார்த்தவள் யார்?

கடிதத்தை எரிக்க அடுப்புவரை போனேன். பிறகு பக்கெட்டுக்காரி வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவள் உள்ளே விடவில்லை. வாசலில் நின்றே, அவளைப் பற்றி நான் சொன்னது பொய் என்று சொன்னேன். உன் ஜனவரிக் கடிதத்தை நீட்டினேன். "எனக்குப் படிக்கத் தெரியாது, நீயே படி" என்றாள்.

படித்தேன். மலைத்தேனில் தொடங்கி, 'உனக்கு என்ன கேடு' வரைக்கும். இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். படித்தேன்.

கடிதத்தை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். "இதை எங்க கொண்டுபோய்க் கொடுக்கணும்?" என்று கேட்டாள்.

உன் ஆய்வகத்தின் விலாசத்தைச் சொன்னேன். போக வேண்டிய பஸ்ஸையும் சொன்னேன்.

இப்படிக்கு,
விடுதிச் சமையலர்