சூடாகும் பையும் மீன் ஐஸ் அறையும்

மே 3, சனி
வெயில் கொளுத்துகிறது. தையலறையில் மூன்று மின்விசிறி, சுற்றுவது ஒன்று. எனக்கு மட்டும் மனமெல்லாம் பனி.

பனிச்சறுக்குச் சப்பாத்து வைக்கும் பை. உள்ளே சூடேற்றும் கம்பி, அடியில் பற்றரி. குளிர் நாட்டில் காலை நுழைக்கும்போது சப்பாத்து கதகதப்பாக இருக்க வேண்டுமாம். இதுவரை வரைபடம் எல்லாம் வெளிநாட்டிலிருந்து வரும், நாங்கள் தைப்போம். இதுதான் முதல் தடவை, நானே வரைந்து நானே வெட்டியது. பை வாங்கும் வெளிநாட்டுக் கொம்பனியிலிருந்து ஒரு அம்மா புதன்கிழமை நேரில் வருகிறார். அவருக்குப் பிடித்தால் இனி வரைவதும் இங்கே கிளிநொச்சியில்தான். பிடிக்காவிட்டால் பழையபடி தையல் மட்டும்.

தைத்துத் தந்த ரிஸ்வானா கேட்டாள்: "அக்கா, இந்த வெயிலுக்க ஐஸ்பழம் கூடச் சூடாத்தான் இருக்கும். இது குளிருக்க வேலை செய்யுமோ எண்டு எப்பிடிப் பாக்கிறது?"

நல்ல கேள்வி. வீட்டுப் பிரிஜ்ஜுக்குள் பை நுழையாது.

அண்ணா! முல்லைத்தீவில் மீன் ஐஸ் அறை அவர் பொறுப்பில். ஏன் இவ்வளவு நாள் தோன்றவில்லை?

மே 4, ஞாயிறு
பூசை முடிந்ததும் பஸ். மடியில் பை, பைக்குள் கொம்பனி அளவு பார்க்க அனுப்பிய சப்பாத்து. என்ன பாரம்! பக்கத்து ஐயா எட்டிப் பார்த்தார். "பிள்ளை, உது என்ன, ரோபோவின்ர காலோ?"

அண்ணா தன் தடித்த கையுறையைத் தந்தார். "போடு. வெறுங்கையோட நிண்டா விரல் கழண்டிடும்."

பையின் சூட்டைப் போட்டு ஐஸ் கட்டிகளுக்கு நடுவே வைத்துவிட்டு வெளியே பிளேன்ரீ குடித்தோம். திரும்பப் போய்ப் பையின் பல்லிழுவைச் சிப்பைத் திறக்கப் பார்த்தால் முடியவில்லை. அந்தக் குட்டி இழுப்பான் கையுறை விரலுக்குள் அகப்படவே இல்லை. கழற்றிவிட்டுப் பிடித்தால் விரல் மரத்து வழுக்குகிறது. கடைசியில் பல்லால் இழுத்தேன். அண்ணா விழுந்து விழுந்து சிரித்தார்.

உள்ளே சப்பாத்து வெதுவெதுப்பு! கத்தியே விட்டேன்.

ஆனால் திரும்பும் பஸ்ஸில்தான் உறைத்தது. கையுறை போடுகிறவர்களுக்குப் பை செய்கிறோம், ஒருவருக்கும் கையுறை ஞாபகம் வரவில்லை. எங்களுக்கு எப்போதும் வெறுங்கைதானே.

மே 5, திங்கள்
செய்ய வேண்டியவை:
– சிப்புக்குப் பெரிய வளையம். நாலு விரல் நுழைய வேண்டும். உள்ளே ரப்பர் குழாய், படுத்துவிடாமல்.
– பற்றரிப் பொத்தானும் பெரிதாக.
– வீட்டுக்குப் போகும்போது என் அம்மாவின் மருந்து.

வளையம் தைத்து, மனேஜருக்குக் காட்டச் சூட்டைப் போட்டேன். கொஞ்ச நேரம். அவர் மூக்கைச் சுளித்தார். "ஆர் பிள்ளையள் இஞ்ச சூடைமீன் பொரிக்கிறது?"

ஐஸ் அறை நாற்றம்! குளிரில் தெரியவில்லை, சூடு ஏற ஏறக் கிளம்பிவிட்டது. ரிஸ்வானா சிரித்துச் சிரித்துக் கதிரையிலிருந்து விழப் பார்த்தாள். எனக்கு அழுகை. கழுவவும் முடியாது, உள்ளே கம்பி.

மிச்சத் துணி இன்னொரு பைக்குக் காணும். பிழை விட்டால் காணாது.

மே 6, செவ்வாய்
நான் வெட்ட ரிஸ்வானா தைத்தாள். சப்பாத்தைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாயிற்று. பின்னேரம் பை முடிந்தது. சூட்டைப் போட்டு எல்லோரும் வரிசையாக முகர்ந்து பார்த்தார்கள். ஒன்றுமில்லை! புதுத்துணி வாசம் மட்டும்.

பழைய பை வீட்டில். பூனை உள்ளே போய்ப் படுத்துக்கொண்டு வெளியே வர மாட்டேன் என்கிறது.

மே 7, புதன்
நித்திரை இல்லை. காலையிலேயே சோளகக் காற்று, கண்ணெல்லாம் தூசி.

கொம்பனி அம்மா வந்தார். வெயிலில் முகம் சிவந்து போயிருந்தது. தன் கைப்பையிலிருந்து தடித்த கையுறை எடுத்துப் போட்டார். வளையத்துக்குள் நாலு விரல், ஒரே இழுவை, திறந்தது. மூடினார், திரும்பத் திறந்தார். பொத்தானை அமத்தினார். சூடு ஏறியதும் முகத்தையே பைக்குள் விட்டார். நானும் ரிஸ்வானாவும் மூச்சு விடவில்லை.

இதையே எடுக்கிறாராம்! அடுத்த குளிர்காலப் பைகளும் நாங்களே வரையலாமாம். மனேஜர் இதை இரண்டு தரம் சொன்னார்.

பிறகு அந்த அம்மா வளையத்தைத் தொட்டுக்கொண்டு என்னிடம் ஏதோ கேட்டார். மனேஜர் தமிழில் சொன்னார்: "எத்தினை குளிர்காலம் பாத்திருக்கிறியள் எண்டு கேக்கிறா."

பின்னாலிருந்து ரிஸ்வானா முந்திக்கொண்டாள்:

"ஒண்டு, சேர். போன ஞாயிற்றுக்கிழமை எண்டு சொல்லுங்கோ."