வெண்ணெய் போட்ட கைப்பக்குவம்

சின்னவளின் அப்பாவுக்கு,

குப்பைக்கூடையைக் கொட்டியது நான். செய்தித்தாளில் சுருட்டி அடியில் திணித்திருந்த வெண்ணெய் உறையைப் பார்த்துவிட்டேன்.

அவள் வீகனாகிப் பால்கூடத் தொடுவதில்லை என்று தெரிந்தும், முந்தாநாள் சாக்லேட் புட்டிங்கில் வெண்ணெயைப் போட்டு ஊட்டியிருக்கிறீர்கள். அவள் செய்முறை கேட்டபோது அதை மட்டும் விழுங்கிவிட்டுச் சொல்லிக்கொடுத்தீர்கள். நேற்று நீங்கள் சொன்னபடியே மாவின் மேல் வெந்நீர் ஊற்றி, கிளறாமல் ஓவனில் வைத்தாள். அடியில் சாஸும் அழகாக ஊறியிருந்தது. ஒரு வாய் தின்றுவிட்டு, "அப்பா கைப்பக்குவம் எனக்கு வரலம்மா" என்று முகத்தைத் தொங்கப்போட்டாள்.

கல்லுளிமங்கன் மாதிரி இருந்திருந்தாலும் பரவாயில்லை. "பழகப் பழக வரும்மா" என்று ஆறுதல் வேறு!

சோயா பால், எண்ணெய், கோகோ எல்லாம் மேடையில் இருக்கின்றன. கல்லூரியிலிருந்து வந்ததும் அவளிடம் உண்மையைச் சொல்லுங்கள். பிறகு அவள் சொல்லச் சொல்ல நீங்கள் செய்யுங்கள். நான் வர எட்டாகும்.

பி.கு.: டப்பாவில் ஒளித்துவைத்த மிச்ச வெண்ணெயை ஆபீசுக்கு எடுத்துப்போகிறேன். தேட வேண்டாம்.

இன்னொன்று: அவள் செய்ததில் கொஞ்சம் ஃபிரிட்ஜில் இருந்தது. காலையில் தின்றுபார்த்தேன். உங்களுடையதைவிட நன்றாக இருந்தது. அதையும் நீங்களே அவளிடம் சொல்லுங்கள்.