ஜமுக்காளத்துக்குள் பார்த்த நீல வெளிச்சம்

காசிமேட்டுக் கல்லறையில் கடற்காற்று வாங்கிக்கொண்டு படுத்திருக்கிற என் பாசமுள்ள சம்பந்தி அருளப்பன் அவர்களுக்கு,

சவரிமுத்து எழுதுகிறேன். யாரையோ பிடித்து எழுதி வாங்கியிருக்கிறேன் என்று நினைக்காதீர்கள். இது என் கை. கோயில் மண்டபத்தில் சாயங்காலம் வயதானவர்களுக்குப் பள்ளிக்கூடம் நடத்துகிறார்கள். நானும் போய் உட்கார்ந்தேன். ஒரு பத்தி எழுதிவிட்டு டீ குடித்துவிட்டு வந்தால்தான் அடுத்த பத்தி வருகிறது. ஆனாலும் வருகிறது சம்பந்தி.

இப்போது பேப்பரை நானே படிக்கிறேன். டீக்கடையில் நீங்கள் எனக்குப் படித்துக் காட்டியபோது சாவுச் செய்தியை எல்லாம் தாண்டிவிட்டீர்கள் என்று இப்போதுதான் தெரிகிறது. ஊரில் யாருமே சாவதில்லை என்று அல்லவா நான் நம்பிக்கொண்டிருந்தேன்!

போன வாரம் டீச்சரம்மா, நீங்கள் பார்த்த பெரிய அதிசயத்தைப் பற்றி எழுதுங்கள் என்றார். பக்கத்தில் இருந்தவர் துறைமுகத்துக்கு வந்த பெரிய கப்பலைப் பற்றி எழுதினார். நான் நம்முடைய சிவப்புக் கார் என்று ஆரம்பித்தேன். பலகையில் இடம் போதவில்லை. பார்த்தவரிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்லி என்ன? அதை என்னோடு பார்த்தது நீங்கள் ஒருவர்தான்.

நீங்கள் கார் ஓட்டிய முதலாளியின் மகன் வரவழைத்த கார் அது. சோழவரத்தில் பந்தயம் ஓட்டுவதற்கு. கூரை இல்லாமல், தரையோடு தரையாக, மல்லாந்து படுத்த படகு மாதிரி இருக்கும். நிச்சயதார்த்தத்தன்று, என் பிள்ளை லூர்து அதில்தான் கோயிலுக்கு வருவான் என்று நீங்கள் சொன்னீர்கள். என் அக்கா புருஷன் சும்மா இருந்தாரா? டிரைவர் வூட்டு மாப்பிள்ளைக்குக் கைவண்டி போதாதா என்று கேட்டுவிட்டார். அன்றைக்குச் சண்டை மூண்டது. கார் இல்லாமல் என் பிள்ளை கோயில் படி ஏறமாட்டான் என்று வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நீங்கள் எழுந்து போனது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

கல்யாணம் ஒரு செவ்வாய்க்கிழமை. மறுநாள் சாம்பல் புதன். தவக்காலம் தொடங்கிவிட்டால் ஈஸ்டர் வரைக்கும் கோயிலில் கல்யாணம் கிடையாது. பங்குச்சாமியாருக்கோ அன்று மதியம் எண்ணூரில் ஒரு அடக்கம் இருந்தது. அதனால் காலையிலேயே பூசையை முடித்தாக வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அன்றைக்குத் தவறியிருந்தால் அந்தத் தவக்காலம் முழுவதும் நம் இரண்டு வீட்டுக்காரரும் ஒருவரை ஒருவர் என்னவெல்லாம் பேசியிருப்போம்? கல்யாணமே நின்றுபோயிருக்கும்.

ராயபுரத்தில் என் வீட்டில் என் மகள் ஸ்டெல்லாவுக்குத் தலையில் வெள்ளை வலை முக்காட்டை வைத்துக்கொண்டிருந்தார்கள். உங்கள் தம்பி சைக்கிளில் மூச்சிரைக்க வந்து, தண்டையார்பேட்டையில் கார் கிளம்பவில்லை, மாப்பிள்ளை வீட்டார் யாரும் கிளம்பமாட்டார்கள் என்றார். எனக்கு ரத்தம் கொதித்தது. அப்போது ஸ்டெல்லா எழுந்து வந்து என் கையைப் பிடித்தாள்.

"அப்பா, நீ லாரி மெக்கானிக்தானே. அந்தக் காரை சரி பண்ணி அவர இட்டுகினு வா. சண்டை போட்டுட்டு மட்டும் வராதே."

பெண்ணைப் பெற்றவன் கல்யாணத்தன்று ஸ்பானர் பையோடு மாப்பிள்ளை வீட்டுக்கு சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து போனது நம் பக்கத்தில் நான் ஒருவனாகத்தான் இருக்கும்.

அங்கே வந்து பார்த்தால், கோட்டும் சூட்டுமாக மாப்பிள்ளை காருக்குள் வியர்த்துக்கொண்டிருக்கிறான். காருக்கு மாலை போட்டு நீங்கள் பக்கத்தில் நிற்கிறீர்கள். "நைனா, நான் நடந்தே போறேன்" என்று அவன் கெஞ்ச, நீங்கள் என்னைப் பார்த்தபடியே, "நீ நடந்து போனா இந்த நைனா வரமாட்டான்" என்றீர்கள். அன்று வரை நான் உங்களுக்குப் பொண்ணு வூட்டுக்காரர்தான். சம்பந்தி என்ற சொல் உங்கள் வாயில் வந்ததே இல்லை.

பானெட்டைத் திறந்தேன். லாரி இஞ்சின் பார்த்த கண்ணுக்கு அது நகைக்கடை மாதிரி இருந்தது. ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றியது. பெட்ரோலும் வந்தது. ஒரு பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் பொறி மட்டும் வரவில்லை. எங்கே கை வைத்தாலும் ஈரம். தண்ணீர் ஊற்றினீர்களா என்று கேட்டேன். துடைக்க மட்டும்தான் செய்தேன் என்றீர்கள். பிறகு மெதுவாக, ரெண்டு குடம் என்றீர்கள்.

எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து மாட்டினேன். கிளம்பவில்லை. தள்ளிப் பார்க்கலாம் என்றதும் பேண்டு வாத்தியக்காரர்கள்கூடக் குழலையும் மேளத்தையும் கீழே வைத்துவிட்டு வந்தார்கள். தெருக்கோடி வரை தள்ளினோம். ஒரு தரம் இருமியது, அவ்வளவுதான். திரும்பத் தள்ளிக்கொண்டு வந்தோம். மாலையில் பாதிப் பூ தெருவிலேயே உதிர்ந்துபோயிற்று.

அப்புறம்தான் கரெண்டு என் கையைச் சுண்டியது. லூர்து சாவியைத் திருகியபோது டிஸ்டிரிபியூட்டர் மூடியின் மேல் என் விரல் பட்டிருந்தது. நாலு பிளக்குக்கும் முறை வைத்துப் பொறியைப் பங்கிட்டு அனுப்புவது அந்தக் கறுப்பு மூடிதான். அது பிளக்குக்குப் போகாமல் என் விரலுக்கு வருகிறது என்றால் மூடியில் எங்கேயோ விரிசல். எங்கே? அந்த வெயிலில் பொறி கண்ணுக்குத் தெரியாது. இருட்டு வேண்டும் என்றேன்.

"ராத்திரி வரைக்கும் எங்க போறது?" என்றீர்கள். சொல்லிவிட்டு நீங்களே பந்தலுக்குள் ஓடினீர்கள். உட்கார்ந்திருந்த கிழவிகளை எழுப்பிவிட்டு, அடியில் விரித்திருந்த ஜமுக்காளத்தை உருவிக்கொண்டு வந்தீர்கள். அதை பானெட்டுக்கு மேல் போர்த்தி நான் தலையை உள்ளே விட்டேன். காரு என் பொறுப்பு என்று நீங்களும் நுழைந்தீர்கள். உங்கள் மீசை என் காதில் குத்தியது. பெட்ரோல் நாற்றமும் உங்கள் சட்டையில் தெளித்திருந்த பன்னீர் வாசனையும் சேர்ந்து மூச்சு முட்டியது. வெளியே யாரோ கேட்டார்கள்.

"உள்ள ரெண்டு பேரும் இன்னா, சாமியாருகிட்ட மாதிரி பாவசங்கீர்த்தனம் பண்ணிகினு கீறீங்களா?"

தெரு முழுக்கச் சிரித்தது. லூர்து சாவியைத் திருகினான். கண்ணுக்குள் இன்னும் வெயில் இருந்ததால் முதலில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் தரம் தெரிந்தது.

எப்படி எழுதுவது சம்பந்தி? மயிரிழை மாதிரி ஒரு நீல வெளிச்சம். மூடியின் உச்சியில் பிறந்து, விரிசல் வழியே ஓடி, கீழே வந்ததும் வேர் மாதிரி பிரிந்து மறைந்தது. மறைந்த இடத்தைப் பார்ப்பதற்குள் உச்சியில் மறுபடி பிறந்தது. கடலுக்கு மேல் வானத்தையே பிளந்துகொண்டு வருகிற அந்தப் பெரிய மின்னல், என் உள்ளங்கை அளவு மூடியில் ஓசை இல்லாமல் நடந்துகொண்டிருந்தது. அதுவரைக்கும் கரெண்டு என்றால் எனக்குக் கையைச் சுண்டும் ஒரு சமாச்சாரம். அது இவ்வளவு அழகாக இருக்கும் என்று யார் கண்டது? நமக்குத் தெரியாமல் எத்தனை இஞ்சினுக்குள் அது ஓடிக்கொண்டிருந்திருக்கும்?

நீங்கள் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டது எனக்குத் தெரிந்தது. முழங்கை என் விலாவில் இடித்ததே.

"சம்பந்தி," என்றீர்கள். கோயிலுக்குள் பேசுகிற குரலில். "இத்தினி நாளா இது மேலயா குந்திகினு ஓட்டிகினு இருந்தேன்?"

பிறகு, "இன்னொரு தபா திருகச் சொல்லுங்க" என்றீர்கள்.

கோளாறு எங்கே என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சாமியார் அங்கே காத்திருக்கிறார். ஆனாலும் சொன்னேன். லூர்து திருகினான். நாம் இரண்டு பேரும் மறுபடி பார்த்தோம். அந்த ஒரு தபாவில்தான் நாம் உறவானோம் என்று நான் நினைக்கிறேன். பிள்ளைகள் கல்யாணம் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

விரிசலை பிளேடால் சுரண்டித் துடைத்தேன். அதை அடைக்க என்ன செய்வது என்று முழித்தபோது உங்கள் மகள் தெரேஸ் கல்யாணத்துக்கென்று வாங்கிய நகப்பாலிஷைக் கொண்டுவந்தாள். சிவப்புக் கோடாக இழுத்தேன். நீங்கள் விசிறியை எடுத்து, காய்ச்சல்காரப் பிள்ளைக்கு விசிறுகிற மாதிரி அந்த மூடிக்கு விசிறினீர்கள். காய்ந்ததும் மாட்டினேன். லூர்து சாவியைத் திருகியதும் அந்தக் கார் போட்ட சத்தத்தில் தெருவில் இருந்த காக்கை எல்லாம் பறந்தன. பேண்டுக்காரர்கள் பாட்டை நடுவிலிருந்து ஆரம்பித்தார்கள்.

நீங்கள் மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு முன்னே போக, உங்கள் தம்பியின் சைக்கிளில் நானும் கோயிலுக்கு வந்துசேர்ந்தேன். சாமியார் அங்கியோடு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். ஸ்டெல்லா முதலில் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. என்னையும் உங்களையும்தான் மாறி மாறிப் பார்த்தாள். நம் இருவர் முகத்திலும் கிரீஸ் இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் சிரித்தாள்.

பூசை முடிந்து வெளியே வந்த பிறகு அல்லவா தெரிந்தது, அந்தக் காரில் இரண்டே சீட்டு! ஓட்டுகிற நீங்கள் போக ஒரு ஆள்தான் உட்காரலாம். இத்தனை ரகளையிலும் யாருக்கும் அது தோன்றவில்லை. நீங்கள் தாடையைத் தடவிவிட்டு மருமகளை உட்கார வைத்துக்கொண்டு பறந்துவிட்டீர்கள். மாப்பிள்ளை கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு என்னோடு தண்டையார்பேட்டை வரை நடந்தான். காலையில் இருந்து அதைத்தானே கேட்டான்.

இங்கே எல்லாரும் நலம். லூர்துக்கு எண்ணூர் மின்சார நிலையத்தில் வேலை நிரந்தரமாகிவிட்டது. அங்கே அந்த நீலம் தெரியுமா என்று கேட்டேன். தெரிஞ்சா ஓடிடணும் மாமா என்கிறான். பேத்தி அருள்மேரிக்கு உங்கள் பிடிவாதம் அப்படியே வந்திருக்கிறது. அந்தக் கார் கைமாறிப் போனது. பேசின் பிரிட்ஜ் பக்கம் இஞ்சின் இல்லாமல் கிடக்கிறது என்று ஒருவர் சொன்னார். நான் போய்ப் பார்க்கவில்லை. புது மூடி போட்டுவிட்டுப் பழையதை நீங்கள் எனக்குக் கொடுத்தீர்களே, அது எங்கள் வீட்டில் மாதா படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. சிவப்புக் கோடு இன்னும் அழியவில்லை.

நம் வழக்கு ஒன்று தீராமல் நிற்கிறது. அந்த நீலம் ஸ்டவ் அடுப்புத் தீயின் நீலம் என்று நான் சொல்வேன். மாதா மேலாடையின் நீலம் என்று நீங்கள் அடித்துச் சொல்வீர்கள். ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோதுகூட விடவில்லை. கண்ணை மூடியபடியே, மேலாடைதான் சம்பந்தி என்றீர்கள். உங்களுக்கு மூச்சு வாங்குகிறதே என்று நான் தலையணையை உயர்த்தி வைத்தேன். அப்போது அந்த இருட்டுக்குள் எதைப் பார்த்துக்கொண்டு சொன்னீர்கள்?

இப்போது நீங்கள் அந்த மேலாடையைப் பக்கத்திலேயே பார்க்கிறீர்கள். நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கல்லறைத் திருநாளன்று இந்தக் கடிதத்தையும் அந்த மூடியையும் எடுத்துக்கொண்டு வருகிறேன். உங்கள் தலைமாட்டில் உட்கார்ந்து, ஒரு வரி தாண்டாமல் நானே படித்துக் காட்டுகிறேன். மெதுவாகத்தான் படிப்பேன், அவசரப்படுத்தக் கூடாது. பிறகு என் முறை வந்து நானும் அங்கே வரும்போது, மேலாடை அந்த நீலம்தான் என்றால் தோற்றேன் என்று எல்லார் முன்னாலும் ஒத்துக்கொள்கிறேன். இது சத்தியம்.

ஒரே ஜமுக்காளத்துக்குள் உங்களோடு தலை நுழைத்த
உங்கள் சம்பந்தி, ஸ்டெல்லாவின் அப்பா,
சவரிமுத்து