தேநீருக்குத் திரும்பும் லாரிகளும் எங்கள் கல்தரையும்

அனுப்புநர்
லுவ்சனின் மகள் செரென்ஹந்து,
ஒட்டகம் வளர்ப்பவர்,
கருங்கல் ஓடை குளிர்கால இருப்பிடம்,
உலான்தெர்ஸ் வட்டம், தென் கோபி.

பெறுநர்
வட்ட ஆளுநர் அவர்கள்,
உலான்தெர்ஸ்.

பொருள்: நிலக்கரி லாரிகள் எங்கள் கூடாரத்துக்குத் தேநீர் குடிக்கத் திரும்புவதால் மேய்ச்சல் தரை உடைந்து உப்புப் பூத்துப்போனது, வர வேண்டாம் என்று அவர்களிடம் சொல்ல எங்களால் முடியாததால், தாங்கள் சொல்ல வேண்டுவது தொடர்பாக.

பார்வை: சென்ற இலையுதிர் காலத்தில் தாங்கள் எங்கள் கூடாரத்தில் அமர்ந்து, "எதுவா இருந்தாலும் எழுத்துல குடுங்கம்மா" என்று கூறியது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வடக்கே தங்கள் உறவினரின் மந்தை இந்த வசந்தத்தை நல்லபடியாகக் கடந்திருக்கும் என்று நம்புகிறேன். எங்களுடையது கடக்குமா என்று தெரியவில்லை. நானும் என் கணவர் டோர்லிக்கும் இந்த ஓடைக்கரையில் ஒட்டகம் வைத்துப் பிழைக்கிறோம். ஒட்டகங்கள் கன்று ஈனுவது இங்கேதான். வேறு மேய்ச்சல் எங்களுக்கு எழுதப்படவில்லை.

2. தாங்கள் புல் வளரும் ஊரில் பிறந்தவர். அங்கே சக்கரம் போன இடத்தை அடுத்த மழை மூடிவிடும். எங்கள் தரை அப்படிப்பட்டதல்ல என்பதால் அதைப் பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்தருள வேண்டும். மேலே கறுத்த பொடிக்கல், ஒன்றையொன்று ஒட்டினாற்போல் பரவிக் கிடக்கும். தூக்கக்கூடிய மண்ணையெல்லாம் காற்று எந்தக் காலத்திலோ கொண்டுபோய்விட்டது. தூக்க முடியாத கல் மட்டும் மேலே தங்கிவிட்டது. கல்லைக் கையால் ஒதுக்கினால் பாலாடை போல மெல்லிய பொருக்கு ஒன்று இருக்கும். அதன்கீழ் வெளிறிய மாவு மண். இன்னும் தோண்டினால் சிவந்த சரளை. முழங்கை ஆழத்தில் உப்பு, கற்களின் அடிப்பக்கத்தில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருக்கும். எங்களுக்குப் பெய்கிற மழை அந்த ஆழம்வரைதான் இறங்கும்; உப்பையும் அங்கேயே இறக்கி வைத்துவிடும். உப்புச் செடியும் காட்டு வெங்காயமும் அதற்கு மேலே உள்ள அந்த ஒரு முழ மண்ணில்தான் வேர்விட்டுப் பிழைக்கின்றன. உப்பு கலந்த மேய்ச்சல் இல்லாமல் ஒட்டகம் தேறாது. ஆகவே உப்பு எங்களுக்குப் பகையில்லை. அது கீழே இருக்கும்வரை நாங்கள் நன்றாகவே இருந்தோம்.

3. லாரிச் சக்கரம் ஏறினால் கல் அமிழ்ந்துவிடுகிறது, பொருக்கு நொறுங்குகிறது, மாவு மண் வெளியே வந்து காற்றோடு போகிறது. பிறகு பெய்கிற மழை உள்ளே இறங்காமல் தடத்திலேயே தேங்கிக் காய்கிறது. காயும்போது கீழே கிடந்த உப்பை மேலே இழுத்துக்கொண்டு வருகிறது. அதற்கப்புறம் அங்கே ஒன்றும் முளைப்பதில்லை. கூட்டுப்பண்ணைக் காலத்தில் என் மாமனார் வழி தவறி ஒரே ஒருமுறை ஓட்டிவந்த லாரியின் தடம் ஓடைக்கு மேற்கே இன்னும் அப்படியே கிடக்கிறது. அதைக் காட்டித்தான் என் கணவரை நான் கேலி செய்வது வழக்கம். "உங்க அப்பா போட்ட ரோட்டப் பாருங்க" என்பேன். இப்போது கேலி செய்ய மனம் வருவதில்லை. கூடாரத்துக்குத் தெற்கே கண்ணுக்கு எட்டிய வரை அப்படிப்பட்ட தடங்கள்தான்.

4. ஓட்டுநர்கள் கெட்டவர்கள் என்று நான் எழுதவில்லை. எல்லைக்குக் கரி கொண்டுபோகிற பிள்ளைகள்; தூங்காமல், சாப்பிடாமல் வருகிறார்கள். தூரத்தில் புகை தெரிந்தால் திருப்பிவிடுகிறார்கள். முன்னே போகிற லாரியின் புழுதியைத் தின்னப் பிடிக்காமல் பின்னே வருபவர் பக்கத்தில் ஒரு தடம் போடுகிறார், அவருக்குப் பின்னால் வருபவர் அதற்கும் பக்கத்தில். வாசலுக்கு வந்ததும் வழக்கப்படி "நாயப் புடிங்க!" என்று குரல் கொடுக்கிறார்கள். பிடிப்பதற்கு ஒன்றுமில்லை ஐயா. எங்கள் நாய் குரைப்பதை விட்டு நெடுநாள் ஆகிறது. லாரிச் சத்தம் கேட்டால் ரொட்டித் துண்டுக்கு வாலை ஆட்டிக்கொண்டு ஓடுகிறது.

5. வந்தவருக்குத் தேநீர் கொடுக்காமல் அனுப்புகிற வீடு எங்கள் பக்கம் கிடையாது. "நீங்களாவது வேணாம்னு சொல்லுங்களேன்" என்று என் கணவரிடம் சொல்லிப் பார்த்தேன். "எனக்கு வாய் வராது, நீயே சொல்லிக்கோ" என்றார். எனக்கும் வரவில்லை. கெட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு என்னவென்று சொல்வது? ஆகவே வேறு வழிகளைத் தேடினோம். முதலில் கூடாரத்தைப் பிரித்துக் குன்றுக்குப் பின்னால் போட்டோம். சில நாளில் லாரிகள் குன்றைச் சுற்றிக்கொண்டு வந்துவிட்டன. "என்ன அக்கா, சொல்லாமக் கொள்ளாம எடம் மாத்திட்டீங்க? தேடித் தேடி அலுத்துப்போச்சு" என்று கோபித்துக்கொண்டார்கள். இப்போது குன்றின் இரு பக்கமும் தரை போய்விட்டது. கிணறு பழைய இடத்தில் இருப்பதால் நாங்கள்தான் திரும்பி வர வேண்டியிருந்தது.

6. பிறகு ஒருநாள் அடுப்பை அணைத்து, கதவைச் சாத்திவிட்டு, ஆளில்லாத வீடு என்று நினைத்துப் போகட்டும் என்று பாறைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டோம். சொந்த வீட்டுக்கு ஒளிந்து நின்ற வெட்கத்தையும் தங்களிடம் மறைக்கவில்லை. லாரி வந்தது. சற்று நேரத்தில் எங்கள் கூடாரத்திலிருந்து புகை கிளம்பியது. ஆளில்லாத வீட்டில் வழிப்போக்கர் அடுப்பு மூட்டிக்கொள்ளலாம் என்பதும் எங்கள் வழக்கம்தானே. குடித்து முடித்து, கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து, ஒரு பொட்டலம் மிட்டாயும் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். என் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் அழுதுவிட்டேன்.

7. தங்கள் அலுவலகமும் சும்மா இருக்கவில்லை என்பதை நன்றியோடு குறிப்பிடுகிறேன். "ஒரே தடத்தில் செல்லவும்" என்று பெரிய எழுத்தில் பலகை வைத்துக் கொடுத்தீர்கள். அது இப்போது அடையாளமாகிவிட்டது. புதிதாக வருகிற ஓட்டுநருக்குப் பழையவர்கள் சொல்லிக் கொடுப்பதை என் காதால் கேட்டேன்: "பலகை வருதா, அங்க இடதுபக்கம் ஒடிச்சுடு. அக்கா வீட்டு டீ சூப்பரா இருக்கும்." இலையுதிர் காலத்தில் தாங்கள் நேரில் பார்வையிட வந்தபோதும், தவறாக எண்ண வேண்டாம், தங்கள் ஜீப்புகள் மூன்றும் பக்கம் பக்கமாகத்தான் வந்தன. தேநீர் குடித்துக்கொண்டே தாங்கள், "இதுல கெட்டுப்போக என்னம்மா இருக்கு, வெறும் கல்லுதானே" என்றீர்கள். ஆளுநருக்கு எதிர்ப்பேச்சு பேசக்கூடாது என்று அப்போது இன்னொரு கிண்ணம் ஊற்றினேன்.

8. மண் சோதிக்க அனுப்பப்பட்ட பொறியாளர் சரங்கூவா என்ற பெண் மட்டும் பலகையருகே வண்டியை நிறுத்திவிட்டு நடந்து வந்தார். வந்து சேரும்போது முகம் வெந்து சிவந்திருந்தது. குழி தோண்டினார், நாக்கில் வைத்துப் பார்த்தார், படமெடுத்தார். "இத மறுபடி பழையபடி ஆக்க முடியுமாம்மா?" என்று கேட்டேன். அந்தப் பெண் பொய் சொல்லியிருக்கலாம். "எனக்குத் தெரிஞ்சு முடியாது அக்கா. இருக்கறத ஒடைக்காம வெச்சுக்கலாம், அவ்வளவுதான்" என்றார். அவர் அறிக்கை தங்களிடம் இருக்கும். அவரை வேறு மாநிலத்துக்கு மாற்றிவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

9. "இவ்வளவு கஷ்டம் என்றால் அவர்களை விரட்டிவிட வேண்டியதுதானே" என்று தங்களுக்குத் தோன்றலாம். இப்போது முடிந்த குளிர்காலத்தில் பனிப்புயல் அடித்த ஒரு பிற்பகலில் புரெவ் என்ற ஓட்டுநர் லாரி நின்றுபோய், எங்கள் புகையைப் பார்த்துத் தட்டுத் தடுமாறி வந்து வாசலில் விழுந்தார். கையுறையைக் கழற்ற முடியவில்லை, வெட்டித்தான் எடுத்தோம். கிண்ணத்தைப் பிடிக்க விரல் வளையாததால் என் கணவர் அவருக்குத் தேநீரை ஊட்டிவிட்டார். அன்று புகை இல்லாதிருந்தால் அந்தப் பிள்ளை இல்லை. இதைத் தெரிந்துகொண்டு நான் எப்படிப் புகைபோக்கியை மூடுவேன்? எந்த லாரியைப் போகச் சொல்வேன்?

10. இந்த ஆண்டு உப்புச் செடி துளிர்க்கவில்லை. ஒட்டகங்கள் மேய்வதை விட்டுவிட்டு, தடங்களில் பூத்த உப்பை நாளெல்லாம் நக்கிக்கொண்டு நிற்கின்றன. வயிறு ஒட்டிப்போய், திமில் சரிந்துவிட்டது. ஈன்ற ஒட்டகங்களுக்குப் பால் இறங்கவில்லை. கன்றுகளின் கண்ணில் புழுதி அப்பிக்கொண்டு, தாயின் மடி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் முன்னங்காலை முட்டுகின்றன. தினமும் காலையில் ஈரத்துணியால் கண்ணைத் துடைத்துவிட்டு மடிக்குக் கொண்டுபோய் விடுகிறேன். குடிக்கக் கிடைப்பதோ ஒன்றுமில்லை. இன்னொரு வசந்தம் இப்படிப் போனால் ஒட்டகங்களை இறைச்சிக்குக் கொடுத்துவிட்டு நாங்கள் வட்டத் தலைமையிடத்துக்கு வந்து வேலியோரம் கூடாரம் போட வேண்டியதுதான். அங்கே வந்து என்ன செய்வது என்று என் கணவரிடம் கேட்டால் எழுந்து வெளியே போய்விடுகிறார்.

11. ஆகவே நான் வேண்டுவது பெரிதல்ல. தெற்கே பெரிய பாதையோரம் மொட்டைப் பாறை மேடு ஒன்று இருக்கிறது. அங்கே சக்கரம் ஏறினாலும் பாறைக்கு ஒன்றும் ஆகாது. அந்த மேட்டில் ஓட்டுநர்கள் இறங்கிக் குடிக்க ஒரு தேநீர்க் கொட்டகைக்கு அனுமதி கொடுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் நானே ஒட்டகத்தில் கெட்டிலை ஏற்றிக்கொண்டு போய் ஊற்றிக் கொடுக்கிறேன். அதோடு, பலகைக்கு இந்தப் பக்கம் யாரும் திரும்பக்கூடாது என்று தாங்கள் உத்தரவு போடுங்கள். தாங்கள் சொன்னால் அது சட்டம். அதையே நான் சொன்னால் வாசலுக்கு வந்தவனை விரட்டியதாகிவிடும். கிழக்கே இன்னும் ஒரு துண்டு கல்தரை உடையாமல் மிச்சம் இருக்கிறது. கன்றுகளை அங்கே ஓட்டிக்கொண்டு போய்விட்டால் பிழைத்துக்கொள்ளும் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன்.

12. இங்கே தபால் வருவதில்லை, தொலைபேசி எடுப்பதில்லை. மேலே குறிப்பிட்ட புரெவ் இன்று வந்திருக்கிறார், தலைமையிடம் வழியாகப் போவதால் மனுவைத் தானே கொண்டுவந்து கொடுப்பதாகச் சொல்கிறார். அவருக்கு இன்று பால் இல்லாத தேநீர்தான் கொடுத்தேன். என் வீட்டில் ஒரு விருந்தாளிக்கு இப்படிக் கொடுத்தது இதுவே முதல் முறை. அவர் கிண்ணத்துக்குள் பார்த்தார், என்னைப் பார்த்தார், குடித்துவிட்டு இன்னொரு கிண்ணம் கேட்டார். எழுதி முடிக்கும்வரை வெளியே லாரியைக் கிளப்பி வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்.

13. தெற்குத் தடங்களெல்லாம் மாவாகிச் சக்கரம் புதைகிறது. வரும்போதே இரண்டு இடத்தில் மண்வெட்டி எடுக்க வேண்டியிருந்ததாம். "எந்தப் பக்கமாப் போகட்டும் அக்கா? நீங்களே சொல்லுங்க" என்று கேட்கிறார். வண்டி புதைந்துவிட்டால் மனு தங்கள் கைக்கு எப்போது வருமோ தெரியாது. ஆகவே கிழக்கே அந்த உடையாத துண்டு வழியாகப் போகும்படி நானே சொல்லிவிட்டேன். தாங்கள் பார்வையிட வரும்போது அங்கே புதிதாக ஒரு தடம் இருக்கும். அது இந்த மனு வந்த வழி.

தங்கள் உத்தரவை எதிர்பார்த்துக் கெட்டிலோடு காத்திருக்கும்,

(ஒப்பம்)
லு. செரென்ஹந்து

இடம்: கருங்கல் ஓடை
நாள்: ஏப்ரல் 23, 2013