எடுத்துக் கொடுக்காத எட்டு வருஷம்

நோன்புக்கு முன்னால் மதரஸாவுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார்கள். அலமாரியைக் காலி செய்து தரச் சொன்னதால் போன செவ்வாய்க்கிழமை நானே உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். அடித்தட்டில் ஒரு பழைய ஜுஸ்வு கிடைத்தது. அலிஃப் பா எழுத்துக்களில் தொடங்கிக் குர்ஆனின் சின்னச் சூராக்களில் முடியுமே, அந்தப் பாடப் புத்தகம். பக்கத்துக்குப் பக்கம் இடது ஓரத்தில் கட்டைவிரல் அளவுக்குக் கறுப்பு. என்னதான் தேய்த்துக் கழுவித் தொழுகைக்கு ஒளு செய்துவிட்டு வந்தாலும் துறைமுகத்து ஆட்களின் நகக்கண்ணில் தங்கிவிடும் நிலக்கரி அது. முகர்ந்து பார்த்தேன். கரி வாடை போய்விட்டது. பழைய காகித வாடைதான் இருந்தது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அதை மடியில் வைத்துக்கொண்டு சாயங்காலம் மக்ரிப் பாங்கு சொல்லும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

கபரடிக்கு வந்து சொல்ல வேண்டிய சலாமை இங்கே காகிதத்தில் சொல்லிக்கொள்கிறேன், தோஸ்து. நீ கண்ணை மூடி மௌத்தாகி ஏழு மாதம் ஆகிறது. அடக்கத்துக்கு வந்ததோடு சரி, மறுபடி எண்ணூர் பஸ்ஸில் ஏற எனக்கு இன்னும் கால் வரவில்லை.

ஆள் முன்னால் நாம் ஒருவருக்கொருவர் ஹஜ்ரத். ஆள் நகர்ந்துவிட்டால் "இன்னா மாமு". வண்ணாரப்பேட்டையில் ஒரே தெருவில் வளர்ந்து, ஒரே அரபிக் கல்லூரியில் ஓதி, ஒரே நாளில் தலைப்பாகை கட்டிக்கொண்டு திரும்பினோம். தண்டையார்பேட்டைப் பள்ளிவாசலில் இரண்டு பேரையும் சேர்த்தே வைத்துக்கொண்டார்கள். என் தொண்டை பெரியது, அதனால் நான் இமாம், மதரஸாவுக்கும் தலைமை உஸ்தாது. உன் குரல் கிணற்றுக்குள் இருந்து வருகிற மாதிரி இருக்கும், அதனால் நீ இரண்டாமவன். இதை நீயேதான் எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பாய். அந்தச் சிரிப்பில் வருத்தம் இருந்ததா என்று நான் ஒரு நாளும் கவனித்துப் பார்த்ததில்லை.

சொல்லிக் கொடுப்பதில் நாம் இரண்டு கட்சி. பயமில்லாத இடத்தில் இல்மு தங்காது, கற்றது நிற்காது என்பது என் கட்சி. என் பிரம்பு ஜன்னல் கம்பியில் தொங்கும். நீ அதைத் தொட்டதில்லை. ஓதுகிறவன் தவறினால் "தப்பு" என்றுகூடச் சொல்ல மாட்டாய். ஆடிக்கொண்டிருக்கிற உடம்பை நிறுத்திவிட்டு, பாயைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பாய். அவனே நாலு அடி பின்னால் போய், தடவித் தடவித் திருத்திக்கொண்டு வரும்வரை காத்திருப்பாய். பார்த்துக்கொண்டிருக்கும் எனக்குக் கை பரபரக்கும். ஒருமுறை பொறுக்க முடியாமல் கேட்டேன், ஒரு வார்த்தை எடுத்துக் கொடுத்தால் என்ன குறைந்துபோகும் என்று.

"ஒண்ணியும் கொறையாது மாமு. ஆனா நம்ம குடுத்தா அது நம்ம கைலதான் கீது. அவனா தேடிகினு வந்தா அவங்கைல கீது" என்றாய்.

நபிகள் நாயகம் ஒன்றை மூன்று தரம் திருப்பிச் சொல்வார்கள் என்று நாம் இரண்டு பேரும்தான் ஓதியிருந்தோம். மூன்று தரம் என்பதை நான் எண்ணிக்கையாக எடுத்துக்கொண்டேன். நாலாவது தரம் கேட்டவனுக்குப் பிரம்பு. நீயோ பத்தாவது தரம் கேட்டாலும் முதல் தரம் கேட்டது போலவே பதில் சொல்வாய். உன் பொறுமையைப் பார்த்து எனக்கு எரிச்சல்தான் வரும். தேநீரைக்கூட ஆடை கட்டும்வரை ஆறவிட்டுக் குடிக்கிற ஆள் நீ.

யுத்தத்துக்குப் பயந்து ஊரைக் காலி செய்தவர்கள் எல்லாம் திரும்பி வந்து குடியேறிய பிறகு, பெரியவர்களுக்கு ஒரு வகுப்பு வைக்கலாம் என்றாய். கரி இறக்குகிறவர்களுக்கு, அஸர் தொழுகைக்கும் மக்ரிபுக்கும் நடுவில். தாடி நரைத்தவனை உட்கார வைத்து அலிஃப் சொல்லச் சொல்வதா என்று கேட்டேன்.

"இத்தினி வருசமா சும்மா ஒதட்ட ஆட்டிகினு தொழுவுறாங்க மாமு. வெக்கத்துல யாரையும் கேக்கல. நம்மளும் பாக்கல" என்றாய்.

அந்த 'நம்மளும்' எனக்காகச் சேர்த்துக்கொண்டது. நீ பார்த்துவிட்டுத்தானே வந்து சொன்னாய்.

எட்டுப் பேர் வந்தார்கள். அவர்களில் காதர் என்று ஒருவன். நாற்பது வயது. கரிக்கூடை தூக்கித் தூக்கிக் கழுத்தே தோளுக்குள் இறங்கிப் போனவன். மூன்று மாதம் எழுத்துக்கள் அவனுக்குப் பிடிபடவில்லை. பிடிபட்ட பிறகு அவனை நிறுத்த முடியவில்லை. நீ வேண்டுமென்றே தப்பாக ஓதுவாய். கண்டுபிடித்தவனுக்கு ஒரு பேரீச்சம்பழம். காதர்தான் முக்கால்வாசி நாள் தின்பான். இமாம் தவறினால் பின்னால் நிற்பவன் எடுத்துக் கொடுக்க வேண்டும், அது கடமை என்றும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தாய். கூலியாட்களுக்கு அதைப் போய் எதற்குச் சொல்கிறாய், மரியாதை கெட்டுப்போகும் என்றேன்.

"முன்னால நிக்கிறோம், அவ்ளோதான். மேல நிக்கல" என்று சொல்லிவிட்டு ஆறின தேநீரை எடுத்துக் குடித்தாய்.

அந்த மக்ரிப் தொழுகையை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீ இரண்டாவது வரிசையில் நின்றாய். ஆனாலும் இதுவரை என் வாயால் சொல்லாததால் சொல்லிவிடுகிறேன். பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கிற முத்தவல்லி தன் சம்பந்தி வீட்டாரை யானைக்கவுனியிலிருந்து அழைத்து வந்து முதல் வரிசையில் நிறுத்தியிருந்தார். நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு அழகாக ஓதிக்கொண்டிருந்தேன். இரண்டு சின்னச் சூராக்களில் ஓரிடம் ஒரே மாதிரி வரும். அங்கே கவனம் பிசகினால் ஒன்றில் ஏறி இன்னொன்றில் இறங்கிவிடுவோம். அன்று நான் இறங்கிவிட்டேன். மூன்றாவது வரிசையிலிருந்து காதர் எடுத்துக் கொடுத்தான். கப்பலுக்கும் கரைக்கும் கேட்கிற குரல் அது. அதை வாங்கித் திருத்தி ஓதியிருந்தால் அத்தோடு போயிருக்கும். யாருக்குத்தான் தவறுவதில்லை? நான் வாங்கவில்லை. தப்பையே தொடர்ந்தேன். அவன் இரண்டாவது தரமும் எடுத்துக் கொடுத்தான், இன்னும் தெளிவாக. நான் ருகூவுக்குக் குனிந்துவிட்டேன்.

தொழுகை முடிந்து சலாம் கொடுத்ததும் முத்தவல்லி திரும்பினார். "என்ன ஹஜ்ரத், தவறிப் போச்சா?"

"அப்படி ஓதுவதும் ஒரு முறைதான். கிராஅத் ஓதினவர்களுக்குத் தெரியும்" என்றேன்.

ஓதல் முறைகள் பல உண்டு என்பது மெய். ஒரு சூராவில் ஏறி இன்னொன்றில் இறங்குவது எந்த முறையிலும் இல்லை. அந்தப் பள்ளிவாசலில் அதை அறிந்தவர்கள் நாம் இரண்டு பேர்தான். அந்தத் துணிச்சலில்தான் சொன்னேன். காதர் ஏதோ களவு செய்தவன் போலத் தூணோரம் நின்றான்.

மறுநாள் மஷூரா கூட்டத்தில் கமிட்டிக்காரர்கள் ஐந்து பேர் உட்கார்ந்தார்கள். கூலியாட்கள் தொழுகையில் குழப்பம் செய்கிறார்கள், வகுப்பு தேவையா என்பது பேச்சு. முத்தவல்லி உன்னிடம் கேட்டார். "நீங்க சொல்லுங்க. இமாம் ஓதினது சரியா, தப்பா?"

நீ என் பக்கம் திரும்பினாய். பிறகு பாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாய். எனக்குப் புரிந்தது. எத்தனை பேருக்கு நீ அப்படி உட்கார்ந்து நான் பார்த்திருக்கிறேன். சுவர்க் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டேன். ஒரே ஒரு வார்த்தை, 'தவறிவிட்டது' என்று. அதைச் சொல்ல எனக்கு நேரம் நிறையவே கொடுத்தாய்.

கடைசியில் நீயே பேசினாய். "எனக்கு இன்னா தெரியுமோ அது அவருக்கும் தெரியும். அவரையே கேளுங்க."

அதை அவர்கள் எனக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள். நானும் அப்படியே எடுத்துக்கொள்ள விட்டுவிட்டேன். வகுப்பை நிறுத்தினார்கள். தொழுகையில் இனி வாய் திறக்கக் கூடாது என்று காதரிடம் சொல்லும் வேலையை என்னிடமே கொடுத்தார்கள். சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போனான். அந்த வாரமே நீ உன் பெட்டியை எடுத்துக்கொண்டு எண்ணூருக்குப் போய்விட்டாய், உப்பளத்துப் பக்கம் ஒரு கொட்டகையில் ஓதிக் கொடுக்க. நான் பஸ் வரை வந்தேன். "தொண்டையப் பாத்துக்க மாமு" என்றாய். அவ்வளவுதான்.

ஒவ்வொரு பெருநாளைக்கும் வந்தாய். மீன் விலை, உன் மூத்தவளின் பிரசவம், கடல் கொட்டகைப் பக்கம் ஏறி வந்தது எல்லாம் பேசுவாய். அதை மட்டும் பேச மாட்டாய். ஒவ்வொரு தடவையும் நான் வார்த்தைகளை அடுக்கி வைத்துக்கொண்டுதான் உட்காருவேன். தேநீர் வரும். நீ ஆறவிடுவாய். நான் ஏதாவது பேசி அந்த நேரத்தைக் கடத்திவிடுவேன்.

உன் மௌத்துச் செய்தி வந்தபோது பரீட்சைக்குக் கேள்வி எழுதிக்கொண்டிருந்தேன். மிச்சத்தையும் எழுதி முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். ஜனாஸாத் தொழுகையில் கடைசி வரிசையில் நின்றேன். உன் மாணவன் ஒருவன், மீன்பிடிக்கிறவன், தொழ வைத்தான். உன் பிள்ளைகள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். நான் அவர்கள் முதுகைத் தட்டிக்கொண்டே கழற்றிவைத்த செருப்பு எங்கே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகை பிறகு வரும் என்று நினைத்தேன். வரவில்லை. சோறு வழக்கம்போல இறங்குகிறது. தூக்கமும் வருகிறது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

ஜுஸ்வு கிடைத்த அந்த வாரமே, வெள்ளிக்கிழமை ஜும்ஆ. தொழுகை முடிந்ததும் எழுந்து நின்று சொன்னேன். அன்று தவறியது நான், எடுத்துக் கொடுத்தது சரி, முறை என்று சொன்னது பொய், அந்தப் பொய்யால் ஒரு வகுப்பும் ஓர் உஸ்தாதும் போனார்கள். பெரிதாக ஏதோ நடக்கும் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. பாதிப் பேருக்கு நான் எதைச் சொல்கிறேன் என்றே தெரியவில்லை. பழைய முத்தவல்லி போய்ச் சேர்ந்துவிட்டார். புதியவர், "பழைய கதையெல்லாம் எதுக்கு ஹஜ்ரத்" என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

காதர் மட்டும் நின்றான். இப்போது கூடை தூக்குவதில்லை. வலது கண்ணில் படலம். அவனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"எனக்கு அன்னிக்கே தெரியும் அஸ்ரத்து. ஒஸ்தாதக் கேட்டேன். 'நீ எடுத்துக் குடுத்ததுதான் சரி'ன்னாரு."

"பிறகு ஏன் யாரிடமும் சொல்லவில்லை?"

"அவருதான் வேணான்னாரு. 'அவரே சொல்லுவாரு, நீ சொல்லாத. வேற பள்ளிக்கும் போவாத. அவரு பின்னாலயே நின்னு தொழு'ன்னாரு. எட்டு வருசம் ஆச்சு. நின்னுகினுதான் கீறேன்."

வகுப்பை மறுபடி தொடங்கலாமா என்று கேட்டேன். எழுத்து இப்போது தெரிவதில்லை என்றான். உன்னிடம் ஓதிய மற்றவர்கள் எங்கே என்று கேட்டேன். இரண்டு பேர் மௌத்து, மற்றவர்கள் பழையபடி உதட்டை ஆட்டுகிறார்கள் என்றான். அவன் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அவன் படியிறங்கும்போது ஏனோ கேட்டுவிட்டேன். இந்த எட்டு வருஷத்தில் நான் வேறு எங்கேயாவது தவறினேனா?

நின்று யோசித்தான். "நாலு தபா" என்றான். "வாயத் தொறக்காதன்னு நீங்கதான சொன்னீங்க. பல்லக் கடிச்சிகினு நின்னேன்."

எந்தெந்த இடம் என்று கேட்டேன். இரண்டைச் சொன்னான். மற்ற இரண்டும் அவனுக்கே மறந்துவிட்டதாம். அவை எவையென்று தெரியாமல்தான் தோஸ்து, ஒவ்வொரு மக்ரிபுக்கும் நான் முன்னால் போய் நிற்கிறேன்.