வாய்க்காலில் தண்ணீர் எடுத்தவன்

குளத்தில் தண்ணீர் குறைந்துவிட்டது. கோடைச் சிறுபோகத்தில் வயலைத் தரிசாக விட்டு, வாய்க்கால் தண்ணீரைத் தொடாதவர்களுக்கு பயிர் செய்யும் மற்றவர்கள் நட்டஈடு கொடுப்பதென்று கரடியனாற்றுப் பக்கத்து விவசாயிகள் சங்கமொன்று தீர்மானித்தது. வீடு வீடாகப் போய் எல்லாரையும் சம்மதிக்க வைத்தவள் செயலாளர் கம்சாயினி. முதல் ஆளாய்க் கையொப்பமிட்டு நட்டஈடு வாங்கியவன் அவள் கணவன் உதயரூபன். பிறகு தோட்டக் கிணறு வற்றியதும், கச்சான் கடலைப் பயிருக்கு வாய்க்காலில் களவாக மோட்டர் பூட்டியவனும் அவன்தான்.

வந்தாறுமூலைக்குப் போன கம்சாயினி திரும்புமுன் அவன் சீட்டெழுதிக் கதவிடுக்கில் செருகினான்.

"கம்சா, வீட்டுத் திறப்பு பக்கத்து வீட்டில குடுத்திரிக்கன். சோறு மூடி இரிக்கி, சாப்பிடு. நேத்து நீ கேட்டதுக்குப் பொய் சொல்லிட்டன். தண்ணி எடுத்தது நான்தான். வாய்க்கால் கடைசி வயல் சுலோஜனாக்காட வெள்ளாம தண்ணியில்லாம எரிஞ்சதும் என்னாலதான். இண்டைக்குச் சங்கக் கூட்டத்தில சொல்லப் போறன். உன்ட முகத்தப் பார்த்துச் சொல்ல வெக்கமா இரிக்கி."

அடியில் நெருக்கி எழுதினான்: "மோட்டரையும் கொண்டுபோறன். நீ வராட்டிக் கோவிக்கமாட்டன்."

அவள் கூட்டத்துக்கு வந்தாள். உதயரூபன் தலைகுனிந்து சொன்னதையெல்லாம், நிமிர்ந்தும் பாராமல், ஒரு சொல் விடாமல் கூட்ட அறிக்கையில் எழுதினாள்.