அக்கா வீட்டுப் பின்கதவு

மார்ச் 4

மீன்குஞ்சு விற்பவர் வந்து எங்கள் குளத்தில் விட்டுப் போனார். இந்த முறை மூன்று வகை. தண்ணீரில் மிதக்கும் பச்சைப் பாசியைத் தின்ன வெள்ளிக்கெண்டை, புல்லுக்குப் புல்கெண்டை, அடிச்சேற்றில் பொறுக்கச் சாதாக்கெண்டை. ஒன்று விட்ட மிச்சம் இன்னொன்றுக்குச் சாப்பாடு. கடைத்தீவனம் பேருக்குப் போட்டால் போதுமாம்.

போன வருடம் ஒரே வகை, மூட்டை மூட்டையாகத் தீவனம். மீன் பிடிக்கக் குளத்தை வடித்தபோது கறுப்புத் தண்ணீர் அக்கா வீட்டுக் கொல்லையை ஒட்டிய வாய்க்காலில் நாறிக்கொண்டு போனது. அன்று சாத்திய பின்கதவை அவள் இன்னும் திறக்கவில்லை. என்னோடு பேச்சும் இல்லை. இந்த வருடம் வடிக்கும்போது அந்தக் கதவு திறந்திருந்தால் போதும். எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

ஏப்ரல் 19

என் வீட்டுக்காரருக்குக் கை சும்மா இருக்காது. கரைக்குப் போனால் தீவனம் வீசியாக வேண்டும். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு இவரைக் கண்டதும் ஓடி வருகிற ஜீவன்கள் அந்த மீன்கள்தான். (நான் ஓடுவதில்லை. முட்டி வலி.) "கொஞ்சமாத்தான் போட்டேன்" என்கிறார். அவருடைய கொஞ்சம் எனக்குத் தெரியாதா?

மே 30

தண்ணீர் கெட்டியான பச்சையாகிவிட்டது. இவர் வீசும் தீவனம்தான் காரணம். மனசே சரியில்லை.

ஜூன் 2

விடியும்போது மீன்களெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றிருக்கின்றன. இவர் பார்த்துவிட்டு, "பாவம், பசியில கெடக்குதுங்க" என்று அரை மூட்டையைக் கொட்டிவிட்டார். நான் போவதற்குள் பல மீன்கள் செத்து மிதந்தன.

குஞ்சு விற்பவரைக் கூட்டி வந்தேன். "பசி இல்லம்மா, மூச்சு முட்டுது. தின்னாத தீவனம் அழுகினா தண்ணியில காத்தே இருக்காது" என்றார். மோட்டார் போட்டுப் புதுத்தண்ணீர் விட்டோம். மீதி பிழைத்தது.

வாய்க்கு வந்தபடி கத்திவிட்டேன். "உங்க பாசமே கொன்னுடுச்சு, போங்க." அவர் மண்வெட்டியை எடுத்துக் குழி வெட்டினார். செத்ததை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் குழியில் போட்டார். ஏன் அப்படிச் சொன்னேன் — தெரியாமல்தானே செய்தார் மனுஷன்?

ஜூன் 3

இவர் ராத்திரியும் சாப்பிடவில்லை. கரைப்பக்கமே போகவில்லை.

ஜூன் 5

அரிவாளைக் கையில் கொடுத்தேன். "புல்லு அறுத்துப் போடுங்க. மிஞ்சினா மேலயே மிதக்கும், அள்ளிடலாம்." முறைத்துவிட்டுப் போனார். சாயங்காலம் பார்த்தால் ஒரு கட்டுப் புல்லோடு கரையில் உட்கார்ந்திருக்கிறார். புல்கெண்டை அவர் கையிலிருந்தே இழுத்துத் தின்கிறது. அப்பாடா.

ஆகஸ்ட் 22

தீவன மூட்டை பிரிக்காமலே கிடக்கிறது. பச்சை வெளிறிவிட்டது. நம் கரைப் புல் தீர்ந்துபோய் இவர் வாய்க்கால் கரையில் அறுக்கிறார். அக்கா கதவுக்கு நேரே மட்டும் அறுப்பதில்லையாம். "அவங்க ஏதாவது கேட்டா நான் என்னத்தச் சொல்றது?" கதவு சாத்தித்தான் இருக்கிறதாம்.

நவம்பர் 20

இன்று வடித்தோம். இருவருமாக மதகைத் தூக்கினோம். தண்ணீர் கலங்கலாகப் போனது. சேற்று வாடைதான், அந்தப் பழைய நாற்றம் இல்லை. இவரை மதகில் விட்டுவிட்டு வாய்க்கால் கரையில் தண்ணீரோடு நடந்தேன்.

அக்கா வீட்டுப் பின்கதவு திறந்திருந்தது. அக்கா ஒரு கை தண்ணீரை அள்ளி மோந்து பார்த்துக் கீழே விட்டாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"உன் வீட்டுக்காரர் ஊர்ப் புல்லையெல்லாம் அறுக்கிறார். என் கொல்லை வாசல்ல மட்டும் காடா கெடக்கு. இதை யாரு அறுக்கிறது?"

"நாளைக்கு வரச் சொல்றேன்கா."

"அவர் மட்டும் எதுக்கு? நீயும் வா."